மோந்த பூ

நவம்பர் 9, ஞாயிறு

காது மூக்கு தொண்டை டாக்டர் நான்கு மணங்களைச் சொல்லியிருக்கிறார்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் பாக்கியம் ஒவ்வொன்றையும் சற்று நேரம் நிதானமாக முகர வேண்டுமாம். ஆகஸ்டில் வந்த காய்ச்சல் போகும்போது அவளுடைய மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. போன வாரம் பால் பொங்கித் தீய்ந்து பாத்திரம் கறுத்தது. அவள் அதே சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து நான்தான் ஓடினேன். அன்றிலிருந்து அடுப்பருகே போகவே பயப்படுகிறாள். சாப்பாடு மண்ணாக இருக்கிறது என்கிறாள். ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன.

திரும்ப வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம். முயற்சி பண்ணுவோம்" என்றார். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவனிடம் சொல்லும் பதிலா இது?

ரோஜாவுக்குக் கடையில் விற்கும் எசன்ஸ் பாட்டில் போதும் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரிடம் சொல்லவில்லை. ஓசூரில் இருந்துகொண்டு ரோஜாவைப் பாட்டிலில் முகர்வதா? எலுமிச்சையையும் மற்ற இரண்டையும் அவள் பார்த்துக்கொள்ளட்டும். ரோஜா என் பொறுப்பு.

நவம்பர் 13, வியாழன்

ரோஜாப் பட்டியல்களை எழுதுகிறவர்களுக்கு மூக்கு உண்டா என்று சந்தேகம் வந்துவிட்டது. நிறத்துக்கு ஒன்பது சொற்கள் வைத்திருக்கிறார்கள். மணத்துக்கு 'மிதமானது' என்ற ஒரே சொல். எல்லோரும் முதலில் நடச் சொல்வது 'பீஸ்'. மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த பெரிய பூ, பரிசு வாங்கும், வாசனை பெயருக்குத்தான். ஒரு நூலில் கடும் மணம் என்று போட்டிருக்கும் வகைக்கு இன்னொரு நூலில் மணமே இல்லை.

இரண்டு நூல்களாவது ஒத்துப்போகும் வகைகளை மட்டும் தேர்ந்தெடுத்தேன். பாப்பா மெய்லாண்ட்: கருஞ்சிவப்பு, வெல்வெட் இதழ், அடர்ந்த மணம், சுலபமாக நோய் வரும். டபுள் டிலைட்: வெண்ணெய் நிறத்தில் சிவந்த ஓரம். ப்ளூ மூன்: பெயர்தான் நீலம், உண்மையில் வெளிர் ஊதா, எலுமிச்சை கலந்த வாசனை. க்ரூஸ் ஆன் டெப்லிட்ஸ்: இதை இப்போது யாரும் வளர்ப்பதில்லை; பூ தலை கவிழ்ந்து நிற்பதால் கண்காட்சிக்கு ஆகாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஏனென்று ஆராயப் போவதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நர்சரி முனிரத்தினத்தோடு ஒரு காலைப் பொழுது வீணாயிற்று. எதைக் கேட்டாலும் வேறொன்றைக் காட்டுகிறார்.

"வாசனை வேணும்" என்றேன்.

"சார், ரோஜான்னா கண்ணுக்குத்தான் சார். வாசனை வேணும்னா ஊதுபத்தி இருக்கே."

"வீட்டுல மூக்கு சரியில்லங்க. அதுக்காக."

"மூக்கு சரியில்லன்னா எந்த ரோஜாவா இருந்தா என்ன சார்?"

வீட்டுக்கு வந்து குளிக்கும்போது மூன்று பதில்கள் தோன்றின.

பட்டியலில் உள்ள நான்கோடு, மாலைக்குக் கட்டும் பழைய பன்னீர் ரோஜாவையும் சேர்த்து வாங்கினேன். கடைசியில், நான் கேட்காமலே, கிறிஸ்டியன் டியோர் என்று ஒரு தொட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நல்ல சிவப்பு, ஆளை நிறுத்தும் அழகு, மணம் துளியும் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 2, செவ்வாய்

பன்னீர் ரோஜா முதலில் பூத்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பாக்கியம் கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தாள்.

"ஒண்ணும் தெரியலிங்க."

"நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். அவளைவிட எனக்குத்தான் அவசரம்.

டிசம்பர் 10, புதன்

இன்று ஏதோ நடந்தது. பாப்பா மெய்லாண்டை நீட்டினேன். முகர்ந்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பினாள். "என்ன, தெரியுதா?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா இருக்குங்க" என்றாள். பிறகு முகம் கழுவப் போனாள். உணர்ச்சிவசப்பட்டிருப்பாள் போலும். நானும் என் அறைக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்தேன்.

'ஒண்ணும் தெரியல' என்று சொல்லாத முதல் நாள்.

மற்றவை: காபியை நிறுத்திவிட்டாள். ரத்தக்கொதிப்புக்கு நல்லதுதான். தோட்டத்துப் பக்கத்து ஜன்னலைப் பகலிலும் சாத்தி வைக்கிறாள், கொசு என்கிறாள். வெங்காயம் வாங்க வேண்டாம் என்றாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

இலைப்பேன். டபுள் டிலைட்டின் மொட்டுகள் கருகி நிற்கின்றன. வேப்பெண்ணெய் தெளித்தேன். சட்டையில் பாதி, செடியில் பாதி.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்த இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டது. நேற்று மாலை விரிந்திருந்த இரண்டு பாப்பா மெய்லாண்ட் பூக்களையும் காலையில் காணோம். வெறும் காம்பு.

பக்கத்து வீட்டுக் கோமளா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மார்பளவு மதில்தான். ஓய்வுபெற்ற வங்கி மேலாளரின் மனைவி. பாக்கியத்தை 'அக்கா' என்பார், என்னைச் 'சார்' என்பார். விடியுமுன் குளித்து, கூடையோடு கிளம்பி, தெருவில் எட்டும் பூவையெல்லாம் சாமிக்குப் பறிப்பவர். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி என்று எல்லார் வீட்டிலும் பறிப்பார். எங்கள் வீட்டில் இதுவரை பறிக்க ஒன்றுமில்லாததால் தப்பித்திருந்தோம். பால் வாங்கப் போகும் சாக்கில் அவர் வாசலை நோட்டம் விட்டேன். நிலைப்படிக்கு மேலுள்ள பிள்ளையார் தலையில் என் ரோஜா இருந்தது.

கேட்டுவிட வேண்டும் என்று நின்றேன். கோலத்துக்கு வண்ணம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "என்ன சார்?" என்றார்.

"கோலம் நல்லா வந்திருக்கு."

"தேர்க்கோலம் சார். சக்கரம்தான் கோணிடுச்சு."

"கோணல் தெரியலியே."

வந்துவிட்டேன். சாமிக்குப் போன பூவைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது? அதுவும் மார்கழியில்.

டிசம்பர் 21, ஞாயிறு

நேராகச் சொல்ல முடியாதவன் சுற்றித்தான் போக வேண்டும். பூஜைக்கு எடுக்கத் தோன்றாத, ஆனால் நன்றாக மணக்கும் ரோஜா எது? இந்தக் கேள்விக்கு எந்த நூலிலும் அத்தியாயம் இல்லை.

முனிரத்தினம் பச்சை ரோஜாவைக் காட்டினார். இதழ்களே இலைத்துண்டுகள் போலப் பச்சையாக இருக்கின்றன. "பூத்தாலும் பூக்கலன்னுதான் நெனப்பாங்க சார்." மோந்து பார்த்தேன், லேசாக மிளகு. பயிற்சிக்குப் போதாது. அடுத்து ஏஞ்சல் ஃபேஸ்: பழைய மையைக் கொட்டியது போன்ற ஊதா, கசங்கிய இதழ், ஆனால் அபார மணம். இந்த நிறத்தில் எந்தச் சாமிக்கும் யாரும் பூ வைத்து நான் பார்த்ததில்லை. பச்சையையும் ஊதாவையும் வாங்கினேன்.

"சார் வீட்டுல யாருக்கோ கோபம் வரப்போவுது" என்றார் முனிரத்தினம். இரண்டுமே பார்க்கச் சகிக்கவில்லை என்பது அவர் கருத்து.

டிசம்பர் 26, வெள்ளி

ஏஞ்சல் ஃபேஸ் போய்விட்டது. விரிந்த அன்றே.

ப்ளூ மூன் போய்விட்டது. பன்னீர் ரோஜா ஒன்றுகூட மிச்சமில்லை. தலை கவிழ்ந்து, இலைக்கடியில் ஒளிந்திருந்த டெப்லிட்ஸையும் தேடிக் கண்டுபிடித்து எடுத்திருக்கிறார். ஆனால் பளீரென்ற சிவப்பில் பொம்மை போல நிற்கும் கிறிஸ்டியன் டியோரை யாரும் தொடவில்லை. பச்சையும் அப்படியே நிற்கிறது. எது மணக்கிறதோ அது மறைகிறது; மணக்காதது செடியிலேயே வயதாகி உதிர்கிறது. அந்த அம்மாளுக்கு என்ன மூக்கு! பாக்கியத்துக்கு அதில் பாதி இருந்தால் போதும்.

இன்னொன்றும் புரியவில்லை. டெப்லிட்ஸ் தொட்டி மதிலிலிருந்து தள்ளி, எங்கள் சமையலறைக் கதவுக்கு அருகில் இருக்கிறது. அங்கே எட்ட வேண்டுமென்றால் நீளமான துறட்டி வேண்டும். ஆனால் துறட்டியால் இழுத்தால் கிளை கிழிந்திருக்கும். இங்கோ வெட்டு சுத்தமாக, ஐந்திலைக் கொத்துக்கு மேலே, சாய்வாக, புத்தகத்தில் சொல்லியபடி இருக்கிறது. திருட்டிலும் ஒழுங்கு. நான் கவாத்து செய்வதைப் பார்த்துக் கற்றிருப்பார்.

பாக்கியத்திடம் புலம்பினேன். "போனா போவுது விடுங்க. சாமிக்குத்தானே" என்றாள். மருந்தே அவளுக்குத்தான் என்பதை மறந்து பேசுகிறாள்.

டிசம்பர் 29, திங்கள்

ஒரு சோதனை செய்தேன். செய்திருக்க வேண்டாம்.

இரண்டு வாரமாக எந்தப் பூவைக் கொடுத்தாலும் 'நல்லா இருக்கு' என்கிறாள். சொல்லும் விதம் ஒன்றுபோலவே இருக்கிறது. பூவைக் கை நீட்டிப் பிடித்துக்கொள்கிறாள். அதனால் இன்று, ஒன்றும் சொல்லாமல், மணமே இல்லாத கிறிஸ்டியன் டியோரைக் கொடுத்தேன். மாணவர்களுக்குக் கரும்பலகையில் விளக்குவேனே, ஒப்பீட்டுக்காக மருந்துக்குப் பதில் சர்க்கரை மாத்திரை கொடுப்பது, அதேதான்.

மெதுவாக மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நெருக்கமாக. பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சிரித்தாள்.

"இது ரொம்ப நல்லா இருக்குங்க."

ஆக, அவளுக்கு எதுவும் தெரியவில்லை. எனக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெளியே போய்த் தொட்டிகளுக்கு இரண்டாவது முறை தண்ணீர் ஊற்றினேன்.

ஜனவரி 1, வியாழன்

நேற்று முழுக்க யோசித்தேன். என் முடிவு தவறாக இருக்கலாம். ஒரே ஒரு சோதனையை வைத்து யாரும் தீர்ப்பு எழுத மாட்டார்கள். பயிற்சி தொடர்ந்து நடக்கவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். பூ வாரத்தில் பாதி நாள் கோமளா வீட்டுக்குப் போய்விட்டால் எங்கிருந்து பயிற்சி?

குளிக்கும்போது வழி தோன்றியது. மோந்த பூ சாமிக்கு ஆகாது. சிறு வயதில் பூக்கூடையை மூக்கருகே கொண்டுபோனதற்கு என் தலையில் விழுந்த குட்டு இன்னும் நினைவிருக்கிறது. நான் எதுவும் பேச வேண்டியதில்லை. கோமளா கோலம் போட வரும் நேரத்தில், அவர் பார்க்க, ஒவ்வொரு பூவையும் நான் முகர்ந்துவிட்டால் போதும்.

ஜனவரி 2, வெள்ளி

செய்துவிட்டேன். மப்ளரைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி மூச்சிழுத்தேன். ஏஞ்சல் ஃபேஸில் ஓர் எறும்பு மூக்குக்குள் போயிற்று. தும்மினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தலை எழுந்தது.

"என்ன சார், எல்லாப் பூவையும் மோந்து வெச்சுட்டீங்க?"

"ஆமாங்க. வாசனை எப்படின்னு பாக்கறேன்."

"மோந்த பூ சாமிக்கு ஆகாதே சார்."

"அப்படியா?" என்றேன்.

கோமளா என்னையே பார்த்தார். பிறகு எங்கள் சமையலறைக் கதவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். மப்ளரை இறுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனாலும், வெற்றி வெற்றிதான்.

ஜனவரி 5, திங்கள்

மூன்று நாளாக ஒரு பூவும் போகவில்லை. எட்டுப் பூக்கள். பாக்கியத்துக்குக் காலையும் மாலையும் புதுப் பூ. மேசை மேலும் ஒரு குவளையில் வைத்தேன்.

பாக்கியத்துக்கு உடம்பு சரியில்லை. மதியம் வாந்தி. தயிர் சோறு மட்டும், அதுவும் இரண்டு வாய். "கோமளா ஏன் வர்றதில்ல?" என்று இரண்டு முறை கேட்டாள். அந்தப் பெயரைக் கேட்கவே எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 7, புதன்

குவளை காலியாக இருந்தது. கொல்லையில் குப்பைக் குழியில், தேங்காய் மட்டைக்கு அடியில், எட்டுப் பூக்களும் கிடந்தன. சருகையும் போட்டு மூடியிருந்தது.

மட்டையைத் திரும்ப அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 8, வியாழன்

கோமளா கூப்பிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், நீங்க என்னைத் திருடின்னு நெனச்சீங்களா?"

"சேச்சே. அப்படியெல்லாம் யார் சொன்னது?" திருடி என்ற சொல்லை நான் எழுதக்கூட இல்லை, திருட்டு என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"அக்காதான் சார் வெட்டிக் குடுத்தாங்க. விடியக்காலைல கதவத் தொறந்து, இந்தா கோமளா, சாமிக்கு வைன்னு. நானும் மார்கழிக்கு ஆச்சுன்னு வாங்கிக்கிட்டேன். இப்ப நீங்க மோந்து வெச்சுட்டீங்க. தெரிஞ்சும் மோந்த பூவ வாங்கி நான் எப்படி சாமிக்கு வைக்கறது? வேணாங்க்கான்னுட்டேன். அவங்க அழுதுட்டாங்க சார்."

"அழுதாளா? எதுக்கு?"

"அத நீங்க அவங்களத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 9, வெள்ளி

கேட்கவில்லை.

ஜனவரி 10, சனி

அவளே கேட்டாள். இட்லித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "கோமளா சொல்லிட்டாளா?" என்றாள்.

"பாதிதான் சொல்லிச்சு."

"நாறுதுங்க."

"எது?"

"உங்க ரோஜா. டயரக் கொளுத்தி, அதுல அழுகின முட்டைய ஒடச்சு ஊத்தின மாதிரி. காபியும் அப்படித்தான். வெங்காயம் வதக்கினாலும் அப்படித்தான். ஆனா உங்க ரோஜாதான் எல்லாத்துக்கும் மேல. ஜன்னலச் சாத்தினாலும் வருது."

"எப்பலேர்ந்து?"

"அந்தக் கறுப்புச் செகப்புப் பூவக் குடுத்தீங்களே, அன்னிலேர்ந்து."

ஒரு மாதம். ஒரு மாதமாக நான் காலையும் மாலையும் அவள் மூக்கில் கொண்டுபோய் நீட்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.

"சொல்லியிருக்கலாமே பாக்கியம்." குரல் எனக்கே கோபமாகக் கேட்டது.

"எப்படிங்க சொல்றது? விடிஞ்சா மப்ளரக் கட்டிக்கிட்டு, ஒரு பூவ ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, பரிட்ச ரிசல்ட்டு பாக்க வந்த பையனாட்டம் வந்து நிக்கறீங்க. அந்த மூஞ்சியப் பாத்து நாறுதுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"அதுக்குப் பூவக் கொண்டுபோய்க் கோமளாவுக்குக் குடுக்கறதா? நான் அந்தம்மாவப் போய்…"

"நீங்க மட்டும்? கோமளா எடுக்கறான்னு நெனச்சீங்க இல்ல, ஒரு வார்த்த போய்க் கேட்டிருக்கலாமில்ல? எல்லாப் பூவையும் மோந்துக்கிட்டுத் திரிஞ்சீங்களே."

இட்லி ஆறிப்போயிற்று. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"அந்தப் பளிச்சுன்னு சிவப்பு ஒண்ணு குடுத்தேனே. ரொம்ப நல்லா இருக்குன்னியே, அதுவும் பொய்யா?"

"அது ஒண்ணுதாங்க நெசம். மூக்குமேல வெச்சாலும் ஒண்ணும் பண்ணல. பூவக் கிட்டக்க பாத்து எத்தன நாளாச்சுன்னு நெனச்சேன்."

சோதனை பிழையில்லாமல்தான் வேலை செய்திருக்கிறது. பிழை முழுக்க வாத்தியாரிடம்.

ஜனவரி 12, திங்கள்

டாக்டர் கேட்டுவிட்டு, நல்ல அறிகுறி என்கிறார். ஒன்றுமே தெரியாமல் இருந்த மூக்கு தப்பாகவாவது சொல்ல ஆரம்பித்திருக்கிறது. நரம்பு துளிர்க்கும்போது பலருக்கும் இப்படி ஆகுமாம். சிலருக்கு நாளடைவில் சரியாகும். தாங்க முடியாததை இப்போதைக்கு ஒதுக்கச் சொன்னார். மற்ற மூன்றும் தொடரலாம். இதை நவம்பரிலேயே எச்சரித்திருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். பாக்கியமே கேட்டுவிட்டாள். அவர் சிரித்து மழுப்பினார்.

பிற்பகலில் கோமளா வீட்டுக்குப் போனேன். இந்த முறை கோலத்தைப் பற்றிப் பேசவில்லை. "தப்பா நெனச்சுட்டேங்க. மன்னிக்கணும்" என்றேன். "அதெல்லாம் இருக்கட்டும் சார், அந்தத் தொட்டிங்கள எங்க மொட்டைமாடியில கொண்டாந்து வெய்ங்க. நான் தண்ணி ஊத்தறேன். ஆனா ஒண்ணு, யாரும் மோக்கக் கூடாது" என்றார். மணமுள்ளவை எல்லாம் மாடி ஏறின.

ஜனவரி 17, சனி

பொங்கல் கழிந்தது. பாக்கியத்தை நர்சரிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

"வாசனையே இல்லாத ரோஜா எதெல்லாம் இருக்கு?" என்றேன்.

முனிரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், போன தடவ…"

"போன தடவ வேற."

பாக்கியம் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு வரிசையாக நடந்தாள். ஒவ்வொரு செடியிலும் முந்தானையைக் கொஞ்சம் விலக்கி ஒரு மூச்சு. 'நாறுது.' 'நாறுது.' 'அய்யோ, இது சாக்கடை.' வேறு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கம்மா, வியாபாரம் நடக்குது" என்று முனிரத்தினம் கெஞ்சினார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

என்னுடைய நூல்கள் எல்லாவற்றையும்விட வேகமாக அவள் வகை பிரித்தாள். தேறியவை: சந்தன நிறத்தில் ஒன்று, பட்டாணி அளவுக் கொத்துகளாக வெள்ளையில் ஒன்று. வெள்ளைக்குப் பெயர்ச் சீட்டுகூட இல்லை. பெயர் தெரியாமல் எப்படி வாங்குவது என்று தயங்கினேன். அவள் தொட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாலையில் பாக்கியம் தோட்டத்தில் நாற்காலி போட்டு அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அங்கேதான் உட்காருகிறாள். காலையில் மூன்று இட்லி. காபி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெள்ளைச் செடியில் காய்ந்த பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"கோமளா மாடியில உங்க பூ பூத்திருக்கா?" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேலே பன்னீர் ரோஜா நான்கைந்து தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரிய வழியில்லை.

"பூத்திருக்கு. காத்து இந்தப் பக்கம் வருது போல. நாறுதா? எழுந்திரு, உள்ள போயிடலாம்."

"நாறுதுதான்." இன்னொரு முறை இழுத்தாள். முகம் சுளித்தது. ஆனால் திருப்பிக்கொள்ளவில்லை. "முன்ன மாதிரி இல்லிங்க. கொஞ்சம் ரோஜா மாதிரி நாறுது."

நான் கிள்ளிய பூவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பிறகு உள்ளே போய்விடலாம் என்று மறுபடியும் சொன்னேன்.

"சும்மா இருங்க" என்றாள். "காத்து திரும்ப வரட்டும்."